வெளியே போன நேரம்

ஆலையின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். மற்றபடி இதில் நான் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. இதற்கு முன் மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் சிரித்தார். ஒருவர், தூக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டார். மூன்றாமவர் எதுவும் கேட்கவில்லை. எழுந்துபோய் அறையில் எரியாமல் இருந்த விளக்கையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

2012. ஆயுத பூஜை நாள். ஒரகடம்.

அப்போது நான் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். படப்பையில் வாடகை அறை. ஷேர் ஆட்டோவில் போய், ஷேர் ஆட்டோவில் திரும்பி, ஒரு புத்தகத்தோடு படுத்துக்கொள்ளும் வாழ்க்கை. பேச ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். பேசாமல் இருப்பது பழகிவிட்டது, அவ்வளவுதான். சில ஞாயிற்றுக்கிழமைகளில், மாலை டீக்கடையில் "ஒரு டீ" என்று சொல்லும்போதுதான் அன்றைக்கு முதல்முறையாக என் குரலே எனக்குக் கேட்கும்.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

ஆலைக்குள் வரும் தொழிலாளி தன் அட்டையை பஞ்ச் மெஷினில் காட்டுவான். போகும்போதும் காட்டுவான். இரண்டு நேரமும் டேட்டாபேஸில் போய் உட்காரும். ஒரு ஆள், ஒரு ஷிப்ட், ஒரு வரி. அந்த வரியில் உள்ளே வந்த நேரத்துக்கு ஒரு கட்டம், வெளியே போன நேரத்துக்கு ஒரு கட்டம்.

மூன்றாவது ஷிப்ட் காலை ஆறு மணிக்கு முடியும். ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். அட்டை காட்டினால்தான் சுற்றும் கேட்டை அந்த நெரிசலுக்காக அப்போது மட்டும் பூட்டாமல் விட்டுவிடுவார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஓட்டத்தில் பலர் அட்டை காட்ட மறந்துவிடுவார்கள். இதற்கு 'மிஸ் பஞ்ச்' என்று பெயர். கட்டம் காலியாகக் கிடந்தால் அன்றைய கூலி வராது. அதனால் சம்பளப் பிரிவில் வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, காலியான கட்டங்களில் எல்லாம் ஷிப்ட் முடியும் நேரத்தைக் கையால் போட்டுவிடுவார்கள். இதில் யாருக்கும் தவறாக எதுவும் தோன்றியதில்லை. தொழிலாளிகளுக்கு அது உதவி. எங்கள் அறைக் கண்ணாடிக்கு வெளியே தயங்கி நின்று, "சார், மிஸ் பஞ்ச் சார், கொஞ்சம் பாருங்க" என்று கேட்பார்கள். போட்டுக் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

கையால் திருத்துவதற்கு ஒரு மென்பொருள் இருந்தது. அதன் புதிய பதிப்பு அந்த மாதம் வந்திருந்தது. வரியைத் திருத்தும் விதத்தை அதில் மாற்றியிருந்தார்கள். பழையதில் ஒரு கட்டத்தில் எதையாவது தட்டிவிட்டு அடுத்த வரிக்கு நகர்ந்தாலே போதும், அதுவே சேமித்துவிடும். யாரையும் கேட்காது. யார் செய்தது என்றும் சொல்லாது. புதியதில் அப்படி இல்லை. திருத்திய கட்டம் மஞ்சளாக மாறும். கீழே பழைய மதிப்பு, புதிய மதிப்பு, திருத்துகிறவரின் அடையாளம், மூன்றும் தெரியும். 'சேமி', 'கைவிடு' என்று இரண்டு பொத்தான்கள். இரண்டில் ஒன்றை அழுத்தும்வரை அந்த வரி பூட்டியே இருக்கும்.

இன்னொரு மாற்றமும் இருந்தது. கட்டத்தில் எதுவும் இல்லாவிட்டால் பழையது வெறுமையாகக் காட்டும். புதியது அங்கே சாம்பல் நிறத்தில் 'நல்' (null) என்று எழுதும். தெரியாது என்று பொருள். ஒன்றும் இல்லை என்பது வேறு, என்னவென்று தெரியாது என்பது வேறு. இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

இந்த மாற்றங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து அறிக்கை தரவேண்டும். என் மேலாளர் சுபாஷ் சென்னையில் இருந்து போனில் சொன்னார்.

"கண்ணப்பன், ஆயுத பூஜை அன்னைக்கே முடிச்சிடுங்க. எல்லா லைனும் நிக்கும். ஒருத்தன் தொந்தரவு இருக்காது."

"சரி சார்."

"டெஸ்ட் காப்பியில மட்டும். லைவ்ல கை வெச்சீங்கன்னு தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. நானே நெனச்சாலும் காப்பாத்த முடியாது."

"சரி சார்."

"ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினா காசு கொடுக்கணுமாய்யா உனக்கு?" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

அன்று மூன்று மணிக்கு ஆலைக்குப் போனேன். பூஜை முந்தின நாளே முடிந்திருந்தது. கேட்டின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. நடுவில் உடைத்த பூசணிக்காய், குங்குமம் கலந்து சிவப்பாக. தெற்கத்திப் பையன்கள் எல்லோரும் இரவே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். சுற்றியிருந்த ஆலைகளும் மூடிக் கிடந்தன. அந்தச் சாலையில் லாரிச் சத்தம் இல்லாத ஒரு மதியத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

கேட்டில் நாகப்பன் மட்டும் இருந்தார். வடக்குப்பட்டுக்காரர். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தவர், இப்போது செக்யூரிட்டி. காகிதத்தில் பொரியும் கடலையும் வைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"இன்னா சார், இன்னிக்குமா? பூசை போட்ட மிஷின இன்னிக்கித் தொடக்கூடாது சார். அதுங்க தூங்குற நாளு."

"ரெண்டு மணி நேர வேலைதான்."

"ஒரு கல்யாணத்தக் கட்டுங்க சார், இப்டி லீவு நாள்ல சுத்தாம. இல்ல, வாணாம். நீங்க பேசுற பேச்சுக்கு அது ரெண்டே நாள்ல ஓடிப்பூடும்."

நான் சிரித்தேன். அப்போதுதான் அந்தப் பெண்ணைக் கவனித்தேன். எதிரே பஸ் நிறுத்தத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். மடியில் மஞ்சள் துணிப்பை. என்னைப் பார்த்ததும் சாலையைக் கடந்து வந்தாள்.

"சார்... உள்ள வேல பாக்கியளா?"

"ஆமா."

போட்டோ ஒன்றை நீட்டினாள். ஒல்லியான பையன். ஆலைச் சீருடை. சிரிக்கச் சொல்லி, சிரிக்கத் தெரியாமல் நின்ற முகம்.

"எந்தம்பி, சார். இசக்கிதுரை. பெயிண்ட் சாப்புல காண்ட்ராக்ட்ல இருந்தான். போன மாசம் பாதியில இருந்து போன் இல்ல. வந்து கேட்டா, காலைல ஆறு மணிக்கு வெளிய போயிட்டான், கம்ப்யூட்டர்ல இருக்குங்காவ."

"மூணு நாளா இங்கியே சுத்திக்கினு கீது சார்," என்றார் நாகப்பன், குரலைத் தாழ்த்தி. "காண்ட்ராக்டர் இன்னா சொல்றான்னா, எவளயோ இட்டுக்கினு ஓடிட்டான்னு."

அவளுக்குக் கேட்டுவிட்டது.

"எவளையும் இழுத்துட்டுப் போறவன் இல்ல அவன்," என்றாள். கோபம் இல்லை, களைப்புதான். "அப்படியே போனாலும் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவான். அய்யா அம்மை இல்ல, சார். வீட்டுல நானும் அவனுந்தான். அவன் இங்கருந்து போனானா, போகலையா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க. போயிட்டான்னா நான் ஊருக்குப் போயி கதவத் தொறந்து வச்சிட்டு உக்காந்திருப்பேன். என்னைக்காவது வருவாம்லா."

அவள் பெயர் செல்லக்கனி. போன் நம்பரைச் சொன்னாள். என் போனில் பதிந்துகொண்டேன். பார்க்கிறேன் என்றேன்.

எங்கள் சர்வர் அறை முதல் மாடியில். கீழே பெயிண்ட் ஷாப். கீபோர்டின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. தட்டத் தட்ட விரல் நுனி சிவந்தது. ஆலை நிஜமாகப் பயன்படுத்தும் லைவ் பதிவில் இருந்து முந்தின மாதத்து வருகையை டெஸ்ட் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துக்கொண்டேன். பிறகு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். இனி அந்த கம்ப்யூட்டருக்கும் உலகத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு மணி நேரம் வேலை ஒழுங்காகப் போனது. ஒரு கட்டத்தைத் திருத்தினேன், மஞ்சளானது. கைவிட்டேன், பழையபடி வெள்ளை. சேமித்தேன், சேமித்தது. குறித்துக்கொண்டேன்.

நடுவில் அந்தப் பெண் நினைவு வந்தது. அவள் தம்பியின் பெயரைத் தேடினேன். கடைசி வரி இருந்தது. பெயிண்ட் ஷாப், மூன்றாவது ஷிப்ட்.

உள்ளே வந்தது 21:52:17.
வெளியே போனது 06:00:00.

போயிருக்கிறான். அதற்கு மேல் அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது. டீ குடிக்கப் பிளாஸ்க்கைத் திறந்தேன். மூடிவிட்டுத் திரையைப் பார்த்தேன்.

வெளியே போன கட்டம் மஞ்சளாக இருந்தது.

நான் தொடவில்லை. கீழே எழுதியிருந்தது. பழைய மதிப்பு 06:00:00. புதிய மதிப்பு 'நல்'.

தெரியாது.

திருத்துகிறவர் என்ற இடத்தில் என் பெயர் வரவேண்டும். அந்த கம்ப்யூட்டரில் நான் மட்டும்தான் இருந்தேன். அங்கே ஓர் ஐந்து இலக்க எண் இருந்தது. 40713.

புதிய பதிப்பின் கோளாறு என்று நினைத்தேன். உண்மையில் கொஞ்சம் சந்தோஷம்கூட. அறிக்கையில் எழுத ஒன்று கிடைத்தது. 'கைவிடு' அழுத்தினேன். கட்டம் வெள்ளையானது.

கீழே எங்கோ ஒரு சத்தம் கேட்டது.

பீப்-பீப்.

யுபிஎஸ்ஸாக இருக்கும். அந்த வருடம் மின்வெட்டு அதிகம், யுபிஎஸ் எப்போதும் ஏதாவது முனகிக்கொண்டே இருக்கும்.

கட்டம் மறுபடி மஞ்சளானது.

கைவிட்டேன்.

பீப்-பீப்.

வேறு வரிகளைத் திறந்து பார்த்தேன். பத்து, இருபது. எதுவும் தானாக மாறவில்லை. இவனுடையது மட்டும். கேபிளைப் பார்த்தேன். மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுமுனை எதிலும் இல்லை.

மூன்றாவது தடவை மஞ்சளானபோது நான் பொத்தானை அழுத்தவில்லை. காத்திருந்தேன். கீழே சத்தமும் இல்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். யாரோ எனக்காகக் காத்திருப்பதுபோல இருந்தது. நானும் காத்திருந்தேன். பிறகு, மெதுவாக, 'கைவிடு'.

பீப்-பீப்.

அது யுபிஎஸ் இல்லை. எனக்குத் தெரிந்த சத்தம்தான். பஞ்ச் மெஷின் அட்டையை ஏற்றுக்கொண்டால் நீளமாக ஒரு பீப். ஏற்றுக்கொள்ளாவிட்டால் குட்டையாக இரண்டு.

அந்த எண்ணைத் தேடினேன். 40713. ஊழியர் அட்டை எண்களில் இருந்தது.

இசக்கிதுரை.

இன்டர்காமை எடுத்தேன்.

"நாகப்பன், உள்ள யாராவது வந்தாங்களா?"

"ஈ காக்கா இல்ல சார். உங்களத் தவிர."

"பஞ்ச் மெஷின் சத்தம் கேக்குது."

பொரி மெல்லும் சத்தம் நின்றுவிட்டது.

"எது சார்? பெயிண்ட் ஷாப்பாண்ட கீதே, அதுவா?"

எந்த மெஷின் என்று நான் சொல்லவே இல்லை.

"அது தெனம் கேக்குது சார். காலீல ஆறு மணிக்கு. கிட்ட போனா யாரும் இருக்க மாட்டாங்க. மிஷினு ரிப்பேருன்னு எழுதிக் குட்துட்டோம்." பிறகு, "எறங்கி வந்துடுங்க சார். சொன்னாக் கேளுங்க."

நான் இறங்கியிருக்கவேண்டும்.

ஆறு மணிக்கு மின்சாரம் போனது. அறையில் யுபிஎஸ் தயவில் கம்ப்யூட்டரும் ஒரு சின்ன விளக்கும். வெளியே வராந்தா இருட்டு. வராந்தா ஜன்னலில் நின்று பார்த்தால் கீழே பெயிண்ட் ஷாப் முழுவதும் தெரியும். போய் நின்றேன்.

ஒவ்வொரு மெஷினிலும் வாழைக்கன்று கட்டியிருந்தது. அந்த இருட்டில் அவை ஆட்கள் நிற்பதுபோல இருந்தன. கடைசியில், வெளிக்கதவுக்குப் பக்கத்தில், பஞ்ச் மெஷினின் சின்னத் திரை பாட்டரியில் பச்சையாக ஒளிர்ந்தது. அது யாரும் அட்டை காட்டாவிட்டால் அணைந்துவிடும்.

அணையவில்லை.

பீப்-பீப்.

முன்னால் யாரும் இல்லை. ஆனால் திரையில் வரும் எழுத்து எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். 'ஏற்கெனவே வெளியேறிவிட்டீர்கள்.' வெளியே போனதாகப் பதிவான ஆளை அந்த மெஷின் மறுபடி வெளியே விடாது.

அறைக்கு ஓடிவந்து வரியைப் பார்த்தேன். உள்ளே வந்தது 21:52:17. வெளியே போனது 06:00:00.

மெஷின் பதியும் நேரத்தில் விநாடி இருக்கும். மனிதன் யாரும் சரியாக முழு மணிக்கு, பூஜ்யம் விநாடிக்கு அட்டை காட்டுவதில்லை.

அது கையால் போட்டது.

வழக்கம்போல யாரோ காலிக் கட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். பாவம், மறந்துவிட்டான் என்று ஆறு மணியைப் போட்டிருக்கிறார்கள். அவன் மறக்கவில்லை. அவன் வெளியே போகவே இல்லை. அந்த ஒரு கட்டம் நிரம்பியிருந்ததால் யாரும் அவனைத் தேடவும் இல்லை.

கட்டம் மஞ்சளானது.

இந்தத் தடவை 'சேமி' அழுத்தினேன். சேமித்தது. கீழே மறுபடி பீப்-பீப். அப்போதுதான் உறைத்தது. இது நகல். பஞ்ச் மெஷினும் கேட்டும் பார்ப்பது லைவ் பதிவை. நகலில் என்ன மாற்றினாலும் கதவு திறக்காது.

கேபிள் என் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது.

அதை மாட்டினால் என் வேலை போய்விடும். புதிய பதிப்பு யார் திருத்தியது என்று எழுதிவைத்துவிடும், மறைக்க முடியாது. அந்த வேலையை விட்டால் எனக்கு என்ன இருந்தது? படப்பையில் ஓர் அறை. கொஞ்சம் புத்தகங்கள். ஆனால் நான் யோசித்தது அதை இல்லை. நான் ஒருநாள் காணாமல் போனால் எந்தக் கேட்டின் எதிரே யார் வந்து மூன்று நாள் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

இவனுக்கு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

கேபிளை மாட்டினேன்.

லைவ் பதிவைத் திறந்தேன். அந்த வரி. 06:00:00. அழித்தேன். கட்டம் மஞ்சளானது. பழைய மதிப்பு, புதிய மதிப்பு. திருத்துகிறவர், கண்ணப்பன்.

சுட்டியைக் கீழே நகர்த்தினேன்.

சேமி.

ஒன்றும் கேட்கவில்லை.

யுபிஎஸ்ஸின் ரீங்காரம்கூட நின்றுவிட்டதுபோல ஓர் அமைதி. எனக்கு அமைதி பிடிக்கும். அந்த அமைதி பிடிக்கவில்லை...

பீ......ப்.

நீளமாக. ஒன்று.

திரையில் 'நல்' மறைந்தது. அந்த இடத்தில் புதிய நேரம்.

18:41:09.

விநாடியோடு.

கீழே கதவு திறக்கும் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை.

படிக்கட்டில் சத்தம்.

டக்... டக்...

ஆலை ஷூவின் கனத்த சத்தம். மேலே வருகிறது.

வராந்தா.

டக்...

என் கதவுக்கு வெளியே நின்றது.

நான் திரும்பவில்லை. கீபோர்டில் இருந்த குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியில் அட்டையின் ஓரத்தால் தட்டும் ஒலி. பையன்கள் தட்டுவதுபோல. மரியாதையாக.

டிக்... டிக்.

மூச்சை விடவில்லை.

எவ்வளவு நேரம்... தெரியாது.

பிறகு அந்தச் சத்தம் திரும்பி இறங்கியது. அவசரம் இல்லாமல். ஒவ்வொரு படியாக.

நான் எப்படிக் கேட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை. பையை அங்கேயே விட்டிருந்தேன். நாகப்பன் அறைக்கு வெளியே, டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். டார்ச் எரியவில்லை. போடவும் அவருக்குத் தோன்றவில்லை போல.

"சுத்துற கேட்டு தானா சுத்துச்சு சார்," என்றார். "ஒரு தபா. யாரோ தள்ளிக்கினு போறாப்புல."

எதிர்த் திண்டைப் பார்த்தேன். காலி.

"அந்தப் பொண்ணு?"

"இப்பத்தான் எழுந்து போச்சு. சுங்குவார்சத்திரம் பக்கமா." அவர் டார்ச்சால் அந்தப் பக்கம் காட்டினார். "மூணு நாளா அழுதுகினு இருந்த பொண்ணு சார். சிரிச்சிக்கினே போச்சு. தனியா பேசிக்கினே போச்சு."

அடுத்த செக்யூரிட்டி வரும்வரை, இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே, சாலையில் நின்றோம்.

விடுமுறை முடிந்ததும் நானே சுபாஷிடம் சொன்னேன். கேட்ட சத்தத்தைப் பற்றி இல்லை. லைவில் கை வைத்ததையும், அந்த ஆறு மணி கையால் போட்டது என்பதையும் மட்டும்.

"அவன் வெளிய போகவே இல்ல சார். உள்ள தேடச் சொல்லுங்க."

"ஏன்யா, உனக்கு எதுக்குய்யா இது?" என்றார். குரலில் கோபம் இல்லை.

அந்த வாரமே என்னை அனுப்பிவிட்டார்கள். ஆனால் தேடினார்கள். பெயிண்ட் ஷாப்புக்குப் பின்னால், தீ அணைப்பதற்காகத் தரைக்கு அடியில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி உண்டு. வருடம் முழுக்க யாரும் அதைத் திறப்பதில்லை. முந்தின மாதம் ஒரு ராத்திரி மட்டும் தண்ணீர் அளவு பார்க்கத் திறந்திருக்கிறார்கள். விடிந்ததும் யாரோ, உள்ளே பார்க்காமல், மூடியிருக்கிறார்கள்.

கழுத்தில் அட்டை இருந்தது. 40713.

போலீஸ் ஸ்டேஷனுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். காண்ட்ராக்டர் கொடுத்த ஊர் முகவரி தப்பாக இருந்தது. அவன் அக்காவின் நம்பர் என்னிடம்தான் இருக்கிறது என்று நாகப்பன் சொல்லியிருக்கிறார். இறந்து நாற்பது நாளாவது இருக்கும், அந்த ஷிப்ட் அன்றைக்கே உயிர் போயிருக்கிறது என்று டாக்டர் எழுதியிருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். "நீங்களே சொல்லிடுங்க," என்றார். "உங்களத் தெரியும்ல அவங்களுக்கு."

அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"கண்ணப்பன் பேசறேம்மா. ஒரகடம்."

"அட, சார்!" அந்தக் குரலில் அப்படி ஒரு மலர்ச்சி. "நானே ஒங்களக் கூப்பிடணும்னு நெனச்சேன். ஒங்க நம்பர் எங்கிட்ட இல்ல பாத்துக்கிடுங்க. தம்பி வந்துட்டான் சார்!"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அன்னைக்கேதான். பொழுது அடஞ்ச நேரம். கேட்ட விட்டு எறங்கி நேரா எங்கிட்ட வந்து நின்னான். நீங்கதான் உள்ள போயி என்னமோ பண்ணி விட்டிருக்கிய. ஊருக்குப் போவோமாலன்னு கேட்டேன், கூடவே வந்துட்டான். இந்தா உள்ளதான் உக்காந்திருக்கான்."

"பேசறானாம்மா?"

"பேச மாட்டக்கான். சோறும் திங்க மாட்டக்கான். என்ன கஷ்டப்பட்டானோ. இருக்கட்டும் சார், இருந்தாப் போதும் எனக்கு." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணுதான் வெளங்க மாட்டக்கு. எத்தன தடவ துவட்டி விட்டாலும் தலையில இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு."

இன்ஸ்பெக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டீங்களா?" என்றார்.

போன் என் காதில் இருந்தது. அந்தப் பக்கம் அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள் போலிருக்கிறது. தூரத்தில் அவள் குரல் மட்டும், தாழ்ந்து, செல்லமாக, யாரிடமோ...

"அசையாம இருல. காதோரம் இன்னும் ஈரமா இருக்கு."